முப்பது மீட்டர்

முதல் முந்நூற்று இருபது மீட்டருக்கு
யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது.
டிரைவரை வீசினால்
வாடகை பாக்கி வைத்தவன் மாதிரி
பந்து திரும்பிப் பார்க்காமல் ஓடும்.
ஏழாம் எண் இரும்பில் இன்னொரு அடி;
க்ரீனுக்கு முப்பது மீட்டர் முன்னால்
சமர்த்தாய் உட்காரும்.

அதற்குப் பிறகுதான் என் ஜாதகம்.

முதல் சிப் மண்ணைத் தோண்டிவிட்டு
இரண்டு முழம் நகரும்.
அடுத்தது வயிற்றில் அடிபட்டு
க்ரீனைத் தாண்டி பங்கருக்குள்.
மணல். மறுபடி மணல்.
பிறகு மூன்று பட்.
வெண்ணெய் திரளும்போது தாழி உடைவது
எனக்கு வாரம் ஒருமுறை,
ஒன்பது குழிக்கு நாற்பத்திரண்டு வெள்ளி கட்டி.

"வேலையில நீ இப்படி இறக்கினா
துறைமுகத்தையே மூடியிருப்பாங்க"
என்றான் பூன் கியாட், அவன் ஆங்கிலத்தில்.
சிரித்துவிட்டேன்.
இரவுப் பணி முழுக்க அது
கூண்டுக்குள் என்னோடு உட்கார்ந்திருந்தது.

பாசிர் பாஞ்சாங்.
நாற்பது மீட்டர் உயரத்தில் கண்ணாடித் தரை,
கால்களுக்கு நடுவே கப்பல்.
கயிற்றில் தொங்கும் இருபது டன் பெட்டியை
லாரியின் நான்கு முனைகளில் பொருத்தி இறக்குகிறேன்,
மணிக்கு இருபத்தெட்டு முறை.
கடைசி ஒரு மீட்டரில் பெட்டி ஆடும்.
அதோடு மல்லுக்கட்ட மாட்டேன்.
அது போகும் பக்கமே
கூண்டை ஒரு மூச்சு நகர்த்தினால்
தானாய் அடங்கும்.
பெட்டி எங்கே போகிறது என்று பார்ப்பதேயில்லை.
அமர வேண்டிய இடத்தைத்தான் பார்ப்பேன்.

கோல்ஃப் பந்து நாற்பத்தாறு கிராம்.
அதற்குப் போய்த் தலையைத் தூக்குகிறேன்.

எங்கள் புளோக்கின் கீழே புல் உண்டு;
கோல்ஃப் கூடாதென்று
சிவப்புக் கோடு கிழித்த படமும் உண்டு.
ஆகவே பதினோராம் மாடிக் கூடத்தில்
பாய் விரித்து, வெட்ஜ் எடுத்து,
நடுவில் ஒரு டவல், அதற்கப்பால் துணிக்கூடை.
எடை இடது காலில். கை பந்துக்கு முன்னால்.
மணிக்கட்டு தூங்கட்டும்.
கூடையை மற. டவலைப் பார்.
ஒன்று தவறி ரைஸ் குக்கரில் பட்டு டங் என்றது.
பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்த இளமாறன்
திரும்பாமலே சொன்னார்:
"கொஞ்சம் கூடிப்போச்சு."

சனிக்கிழமை, ஆறாவது குழி.
வழக்கமான முப்பது மீட்டர்.
எங்கே விழ வேண்டும், எவ்வளவு உருள வேண்டும்,
எல்லாம் கணக்குப் போட்டு
வெட்ஜைப் பின்னே எடுத்த நொடியில்
மின்னல் எச்சரிக்கைச் சங்கு.

கொட்டகையில் முக்கால் மணி நேரம்.
முன்னால் ஆடிய குழுவின் ஹாஃபிட்ஸ்
எபோக் எபோக் நீட்டினார்,
உருளைக்கிழங்கு, இன்னும் சூடாக.
தூரத்தில் ஓர் உடும்பு
என் பந்தை மோந்து பார்த்தது;
அதற்கும் பிடிக்கவில்லை.

திரும்பி வந்தால் க்ரீன் நனைந்த சோறு.
உலர்ந்த புல்லுக்குப் போட்ட கணக்கு செல்லாது.
இனி எதுவும் உருளாது,
விழுந்த இடத்தில்தான் கிடக்கும்.
குழிக்குச் சற்று முன்னால்
காற்று உதிர்த்த அங்சானா பூவிதழ்கள்,
மஞ்சளாய், ஒரு கைப்பிடி.
சரி, அதுதான் என் லாரி.

அடித்தேன்.
தலை தூக்கவில்லை.
பந்து இருந்த இடத்தில்
நசுங்கிய புல் ஒவ்வொன்றாய் நிமிர்வதை
முதன்முறையாகப் பார்த்தேன்.

"எங்கே?" என்றேன்.
பூன் கியாட் பதில் சொல்லவில்லை.
அவன் பேசாமலிருப்பது அபூர்வம்.

குழியிலிருந்து ஒரு முழம்.
பந்தின் கன்னத்தில்
ஈர இதழ் ஒன்று ஒட்டியிருந்தது.
க்ரீனில் எடுத்துத் துடைக்க விதி உண்டு.
இருபது காசை அடையாளம் வைத்து
துடைத்தேன். கொஞ்சம் மெதுவாகத்தான்.

பட் அடித்தேன்.
விளிம்பை ஒரு சுற்றுச் சுற்றி
வெளியே வந்து நின்றது.

அவன் வாயைத் திறப்பதற்குள் சொன்னேன்:
"அது அடுத்த மாசம்."